முட்டையோடு அடைகாத்த வெள்ளைக்கல்

ஒரு காட்டில் வண்டிகள் அதிகம். அதனால் இருமலும் அதிகம்.

சும்மா சொல்லவில்லை, குழந்தைகளே! மலையைச் சுற்றிப் போகும் மண் சாலையில் காலை முதல் இருட்டும் வரை கரி வண்டிகள் தடதடவென்று ஓடும். காட்டுப்பன்றி கிழங்கு ஏற்றிக்கொண்டு போகும். மிளா மான் தன் கூட்டத்தையே ஏற்றிக்கொண்டு போகும். முயலுக்கோ பக்கத்துப் புதருக்குப் போகவும் வண்டி வேண்டும்! வண்டிகள் போய்விடும். அவை விட்ட கறுப்புப் புகை மட்டும் மரங்களை விட்டு இறங்கவே இறங்காது.

அந்தச் சாலை ஓரத்தில் ஓர் உயரமான மரம். அதன் பொந்தில் கொன்றை என்ற பெண் இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். அவள் கணவன் பெயர் கொண்டையன். மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கை ஒட்டி வைத்தது போல அவனுக்குப் பெரிய மஞ்சள் கொண்டை. கொன்றைக்குப் பொறுமை அதிகம், கொண்டையனுக்குக் கவலை அதிகம். நல்ல ஜோடிதான்!

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். குஞ்சு ஓரளவு வளரும் வரை வெளியே வராது. அந்த நாட்களில் சிறகெல்லாம் கொட்டிப்போய்விடும், பறக்கவும் முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

முன்பு ஒரு தடவை கொன்றைக்கு ஒரு குஞ்சு பிறந்தது. இடுக்கு வழியாகப் பழம் மட்டுமா வந்தது? புகையும் வந்தது. குஞ்சு இருமியது. இருமிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் இருமவில்லை. கொன்றை வாசலை உடைத்துக்கொண்டு தனியாகத்தான் வெளியே வந்தாள். அந்தத் துக்கம் அவள் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கரடி தன் பட்டறையில் ஒரு புது வண்டி செய்தது. புகை கிடையாது, தடதட கிடையாது. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு ஓடியது. பேட்டரி வண்டி!

"எனக்கு ஒண்ணு!" என்றது காட்டுப்பன்றி.

"எனக்கு ரெண்டு!" என்றது மிளா.

கரடி கையை விரித்துவிட்டது. "என்கிட்ட வேற இல்லை. பேட்டரிக்கு லித்தியம்னு ஒரு உலோகம் வேணும். ஒரே ஒரு பிடி வெச்சிருந்தேன், அதை இந்த வண்டிக்கே போட்டுட்டேன். லித்தியம் கொண்டு வாங்க, வேணுங்கிற அளவு வண்டி செய்து தர்றேன்."

கூட்டத்தின் ஓரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பார்த்தால் அழுங்கு. உடம்பெல்லாம் செதில் போர்த்திய, மண் தோண்டுவதில் கெட்டிக்கார அழுங்கு. மகா கூச்சக்காரப் பிராணி. யாராவது சத்தம் போட்டால் அப்படியே பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

"வறண்ட ஏரிக்கு அடியில உப்புத் தண்ணி இருக்கு" என்றது அழுங்கு மெல்லிய குரலில். "அதுக்குள்ள லித்தியம் இருக்கு. நான் தோண்டுறேன். முள்ளம்பன்றிகளும் பெருச்சாளிகளும் கூட வேலைக்கு வருவாங்க. ஆனா ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் அவங்களுக்குச் சாப்பாடு வேணும். சாப்பாடு போடுறவங்களுக்கு வெள்ளைக்கல் தருவேன். லித்தியம் வந்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு."

காட்டுக்குத் தலைவரான யானை ஒரு விதியும் சொன்னது: "எல்லாக் கல்லும் ஒரே ஆள் கையில சேர்ந்தா ஏரி அந்த ஆளுக்கே சொந்தம். ஒரே ஒரு கல் வேற கையில இருந்தாலும் ஏரி எல்லாருக்கும் பொது. சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!" என்று கத்திக்கொண்டே எல்லாரும் வீட்டுக்கு ஓடினார்கள். குரங்கு தன் பலாமரம், வாழைத்தோப்பு, விளாமரம் எல்லாவற்றின் விளைச்சலையும் கொடுத்துவிட்டு மடி நிறையக் கல்லை வாங்கிக்கொண்டது. அடுத்த வாரமே பங்கு வந்து கொட்டப்போகிறது என்று அதற்கு நினைப்பு.

கொன்றையிடம் இரண்டு அத்திமரங்கள் இருந்தன, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்ன மரத்துப் பழத்தை வேலைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒரே ஒரு கல்லை வாங்கினாள்.

"யோசிச்சுத்தான் செய்யுறியா?" என்றான் கொண்டையன். அவன் கொண்டை கூடக் கவலையில் சாய்ந்துவிட்டது.

"பெரிய மரம் நம்ம வயித்துக்கு. சின்ன மரம் வரப்போற குஞ்சோட மூச்சுக்கு" என்றாள் கொன்றை.

கல் வாங்கியதும் மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். கொன்றை மட்டும் போகவில்லை. "எப்படி எடுப்பீங்க அண்ணே?" என்று கேட்டாள்.

தன்னை ஒருவர் மரியாதையாகக் கேட்டதே அழுங்குக்குப் பெரிய சந்தோஷம். விவரமாகச் சொன்னது. "தண்ணியை மேல கொண்டுவந்து பாத்தி கட்டி வெயில்ல விடுவோம். முதல்ல நீலமா இருக்கும். கொஞ்ச நாள்ல ஓரத்துல வெள்ளையா படியும். அது வெறும் சாப்பாட்டு உப்பு, ஒதுக்கிப் போட்டுடணும். அப்புறம் தண்ணி பச்சையாகும். கடைசியில மஞ்சளாகும். அந்த மஞ்சள் தண்ணியிலதான் லித்தியம் இருக்கு. அதுவரைக்கும் யாரும் அவசரப்படக் கூடாது."

"வெயிலு பார்த்துக்கும், நீங்களும் பார்த்துக்குவீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும் அண்ணே" என்றாள் கொன்றை.

பக்கத்துப் புதருக்குப் பின்னால் ஒரு வால் அசைந்தது. நரியின் வால்தான்! ஒரு கல் கூட வாங்காத நரி, ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நைசாக நழுவியது.

ஒரு கோடை போனது. ஒரு மழைக்காலம் போனது. ஏரிப் பாத்திகளில் நீலத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. மறுபடியும் முட்டையிடும் காலம் வந்தது. கொன்றை பொந்துக்குள் போனாள். போகும்போது வெள்ளைக்கல்லையும் எடுத்துக்கொண்டாள். வாசலைப் பூசினாள், முட்டையிட்டாள், முட்டையோடு கல்லையும் சேர்த்து அடைகாத்தாள்.

வெளியே நடப்பதை அவளுக்குச் சொல்ல கொண்டையன்தான் இருந்தான். அவனோ பழத்தை விட அதிகமாகக் கவலையைக் கொண்டுவந்தான்.

"கொன்றை! கொன்றை! கல்லு விலை ஏறிப்போச்சு! ஒரு கல்லுக்கு ஒரு பலாப்பழம் தர்றாங்களாம். குடுத்துடலாமா?"

"பழம் கொண்டு வந்தீங்களா?" என்றாள் கொன்றை.

"கொண்டு வந்தேன், கொண்டு வந்தேன். இந்தா."

மறுநாளும் வந்தான். "ஐயையோ, விலை இறங்கிப்போச்சு! நேத்தே குடுத்திருக்கலாம். இப்போ ஒரு கல்லுக்கு ஒரு விளாம்பழம்தான். அதையாவது வாங்கிடலாமா?"

"பழம் கொண்டு வந்தீங்களா?"

கொண்டையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பேசுறேன், நீ என்ன கேக்குறே?"

"கோவிச்சுக்காதீங்க. நான் கேக்குறது மூணே விஷயம். ஏரித் தண்ணி என்ன நிறம்? அழுங்கு அண்ணன் வேலைக்குப் போறாரா? கரடி பட்டறை வாசல்ல கூட்டம் இருக்கா? இதைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. விலையை வெளியிலேயே விட்டுட்டு வாங்க."

கொண்டையன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தான். தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறத் தொடங்கியிருந்தது. அழுங்கு வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தது. கரடி பட்டறை வாசலில் பேட்டரி வண்டி கேட்டு நின்றவர்களின் வரிசை சாலை வரை நீண்டிருந்தது. "நான்தான் முன்னாடி வந்தேன்" என்று முயலும் முள்ளெலியும் போட்ட சண்டை பொந்துக்குள் இருந்த கொன்றைக்கே கேட்டது. அவள் சிரித்துக்கொண்டு கல்லைத் திருப்பி வைத்து அதன் மேல் சௌகரியமாக உட்கார்ந்தாள்.

முட்டை பொரிந்தது. ஒரு குஞ்சு. பொந்துக்குள் எட்டிப் பார்த்த புகையில் அது லேசாக இருமியதும் கொன்றைக்குப் பழைய குஞ்சின் நினைவு வந்தது. தன் உடம்பாலேயே இடுக்கை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது. குரங்கு ஏரிக்குப் போய், பாத்தி ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தது. பிறகு ஒரு மரம் விடாமல் தாவித் தாவிக் கத்தியது.

"ஏமாந்துட்டோம்! அது லித்தியம் இல்லை, உப்பு! வெறும் சாப்பாட்டு உப்பு!"

காடே ஏரிக்கரையில் திரண்டது. ஆளாளுக்கு ஒரு விரல் நக்கினார்கள். ஆமாம், உப்புதான்! "ஏய் அழுங்கு, இதுக்கு என்ன பதில்?" என்று எல்லாரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

அழுங்கு என்ன செய்யும், பாவம்? சத்தம் கேட்டதும் பந்தாகச் சுருண்டுகொண்டது. வாய் உள்ளே, வால் வெளியே.

"பார்த்தீங்களா! பதில் இல்லை! திருட்டுப் பயல்!" என்றது குரங்கு.

கொண்டையன் பொந்துக்குப் பறந்து வந்து மூச்சு வாங்கச் சொன்னான். கொன்றை பதறவில்லை. "ஓரத்துல படியுறது சாப்பாட்டு உப்புன்னு அண்ணன் அன்னைக்கே சொன்னாரே. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அவனும் போய்ச் சொன்னான். "உன் பெண்டாட்டி பொந்துக்குள்ள உக்காந்துக்கிட்டே ஏரியைப் பார்த்தாளாக்கும்!" என்றது குரங்கு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொண்டையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

அப்போது பார்த்து நரி ஒரு வண்டியில் பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "உங்களைப் பார்த்தாப் பாவமா இருக்கு. அந்த உதவாத கல்லைக் குடுங்க. வீட்டுக்குத் தரை போடவாவது ஆகும். கல்லுக்கு ஒரு கூடை பழம் தர்றேன்" என்றது.

கிடைத்தவரை லாபம் என்று எல்லாரும் கல்லைக் கொடுத்தார்கள். எல்லா மரத்து விளைச்சலையும் கொடுத்துவிட்டுப் பசியோடு இருந்த குரங்கு முதல் ஆளாக ஓடிப்போய் மடியில் இருந்த அத்தனையையும் கொட்டியது.

கொன்றைக்கும் சோதனை வராமல் இல்லை. அந்த வாரம் அடித்த அனல்காற்றில் பெரிய அத்திமரத்துப் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது. கொண்டையன் அடுத்த மலைக்குப் பறந்து, அங்கேயும் இல்லாமல் அதற்கடுத்த மலைக்குப் பறந்து, இரண்டு மூன்று பழங்களோடு திரும்பினான். அதிலும் தான் ஒன்று கூடத் தின்றிருக்க மாட்டான். இடுக்கு வழியாக அவன் அலகு உள்ளே வரும்போது அது களைப்பில் ஆடுவதைக் கொன்றை பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் மறுபடி பழம் தேடப் போயிருந்த நேரத்தில் நரி மரத்தடிக்கு வந்தது.

"தங்கச்சி! குஞ்சு நல்லா இருக்கா? பசியில கத்துற சத்தம் சாலை வரைக்கும் கேக்குதே. இந்தா, ஒரு கூடை அத்திப்பழம். அந்தக் கல்லை இப்படித் தள்ளிவிடு. உன் புருஷனும் ரெண்டு நாள் ஓய்வா இருப்பான்."

குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது. கொன்றை அதையே பார்த்தாள். ஏரி மஞ்சளாகாமலே போனால்? நான் பிடிவாதம் பிடித்து, இந்தக் குஞ்சும் போய்விட்டால்? அவளால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. கல்லை அலகால் உருட்டி இடுக்குக்குக் கொண்டுவந்தாள். கல்லின் வெள்ளை நுனி வெளியே தெரிந்தது.

நரிக்குக் கை பரபரத்தது. கையில் சேராத கடைசிக் கல் அது ஒன்றுதான்! கொன்றை ஒரு நொடி தயங்கியதைக் கூட அதனால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு கூடை!" என்றது.

கொன்றை இடுக்கு வழியாக நரியை உற்றுப் பார்த்தாள்.

"அஞ்சு கூடை! சரி, வண்டியோட எடுத்துக்கோ! சீக்கிரம் தள்ளு!"

கல் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"நரியாரே, உதவாத கல்லுன்னு சொன்னீங்க" என்றாள் கொன்றை. "தரை போடுற கல்லுக்கு யாராவது வண்டியோட பழம் குடுப்பாங்களா? உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. தண்ணி மஞ்சளாயிடுச்சு, இல்லையா?"

நரி பல்லைக் கடித்தது. "குஞ்சு பட்டினி கிடக்கட்டும்!" என்று உறுமிவிட்டுக் கூடையை இழுத்துக்கொண்டு போனது.

கொன்றை குஞ்சை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது இடுக்கில் ஓர் அலகு தெரிந்தது. கொண்டையன்! தொண்டை நிறையப் பழம்! நான்காவது மலை வரை போய் வந்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். குஞ்சு விழுங்கி முடித்துத் தூங்கியது.

"நீங்க இல்லேன்னா எங்களுக்கு யாருங்க இருக்கா?" என்றாள் கொன்றை. பிறகு நரி வந்த கதையைச் சொன்னாள்.

கொண்டையனின் கவலையெல்லாம் அந்தக் கணமே கோபமாக மாறிவிட்டது. ஏரிக்குப் பறந்தான். பாத்தியெல்லாம் பளபளவென்று மஞ்சள்! உயர்ந்த கிளையில் உட்கார்ந்து மலை அதிரக் கூவினான். இருவாச்சி கூவினால் கேட்கவா வேண்டும்? யானை முதற்கொண்டு எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட யானை குரங்கைப் பார்த்தது. "உப்பை நக்கிப் பார்க்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "நரியார்தான்... நக்கிப் பாரு, உரக்கச் சொல்லுன்னு ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்தாரு."

"அப்படியா சேதி! பொய்யைப் பரப்பி வாங்கினது செல்லாது" என்றது யானை. "வாங்கின கூடையைத் திருப்பித் தர்றவங்களுக்குக் கல்லு திரும்பும். தின்னு தீர்த்தவங்க பாத்தியில வேலை செய்து கல்லை எடுத்துக்கணும்."

யார் அதிகம் தின்றிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த அமாவாசை வரை குரங்கு உப்பு மூட்டை சுமந்தது. நரி அந்தக் காட்டில் முகம் காட்டவே இல்லை.

இத்தனை நாளும் சுருண்டே கிடந்த அழுங்கிடம் யானை குனிந்து, "தப்பா பேசிட்டோம், மன்னிச்சுக்கப்பா" என்றது. அழுங்கு மெல்ல விரிந்தது. முதலில் அது கேட்டது, "கடைசிக் கல்லை விடாம வெச்சிருந்தது யாரு?" என்பதைத்தான். சொன்னார்கள். அழுங்கு நேராக மரத்தடிக்கு வந்து இரண்டு கையையும் கூப்பியது.

"அந்தக் கல்லும் போயிருந்தா நரி என்னை விரட்டியிருக்கும், அம்மா. என் உழைப்பைக் காப்பாத்தினே."

"உங்க உழைப்புதான் அண்ணே என் குஞ்சைக் காப்பாத்தப் போகுது" என்றாள் கொன்றை உள்ளே இருந்து.

மஞ்சள் தண்ணீரிலிருந்து லித்தியம் வந்தது. கரடி பட்டறையில் சுத்தியல் ஓயவில்லை. சாலையில் தடதட குறைந்தது, 'ம்ம்ம்' கூடியது. ஒரு நாள் காலையில் இடுக்கு வழியாக வந்த காற்றைக் கொன்றை இழுத்துப் பார்த்தாள். ஈர மண் வாசனை. குஞ்சு கொட்டாவி விட்டது, சிறகை நீட்டியது, இருமவே இல்லை. கொன்றை நெடுநேரம் அதன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசலை உடைத்துக்கொண்டு, புதுச் சிறகுகளோடு வெளியே வந்தாள். இந்தத் தடவை உள்ளே ஒரு குரல் "அம்மா!" என்று கூப்பிட்டது.

மரத்தடியில் ஒரு பேட்டரி வண்டி நின்றது. அதில் வெள்ளைக்கல்லுக்கான முதல் பங்கு: லித்தியத்துக்கு ஈடாகக் கரடி அனுப்பிய ஒரு கூடை அத்திப்பழம். இனி பருவம் தவறாமல் வரும்.

கொண்டையன் வழக்கம் போலப் பழத்தைக் கவ்விக்கொண்டு கிளம்பினான். கொன்றை அவனை மறித்தாள். இளைத்துப்போய் அவன் மார்பெலும்பு தெரிந்தது.

"அதைக் கீழ வைங்க. இப்படி உக்காருங்க."

"குஞ்சுக்கு..."

"குஞ்சுக்கு அப்புறம். எல்லாரும் என் பொறுமையைப் புகழுறாங்க. அந்தப் பொறுமைக்கு நீங்கதானே மலை மலையா அலைஞ்சு பழம் போட்டீங்க? முதல் பழம் உங்களுக்குத்தான். வாயைத் திறங்க."

கொண்டையன் வாயைத் திறந்தான். கொன்றை ஊட்டினாள்.

நீதி: நாளாகும் காரியத்தில் கூச்சலைக் கேட்டு விற்காதே, வேலையைப் பார்த்துக் காத்திரு, விளைச்சல் வந்ததும், காத்திருந்த நாளில் உனக்கு ஊட்டியவரை முதலில் நினை.